ரிஸ்க் ஆஃப் ரெயின் 2: முதல் கட்டத்தில் எத்தனை நிமிஷம் நிற்பது?

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இன்னொரு முறை வலையை விட்டு இழுத்தால் மீன் கூடலாம், கூடாமலும் போகலாம். டீசல் மட்டும் கட்டாயம் குறையும். எந்த இழுப்போடு கரைக்குத் திரும்புவது என்பதில்தான் அன்றைய பாடு லாபமா நட்டமா என்பது இருக்கிறது. ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 ஒரு கணினிச் சுடும் ஆட்டம்: எதிரியைக் கொன்று காசு சேர்த்து, அந்தக் காசில் பெட்டிகளைத் திறந்து, பலம் கூட்டும் பொருட்களோடு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அதன் முதல் கட்டமும் இதே கணக்குதான். டீசலுக்குப் பதிலாக, திரையின் வலது மேல் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் அதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். லேப்டாப் முன்னால் உட்காரும் பையன்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு கட்சிதான். "அஞ்சு நிமிஷத்துக்குள்ள கெளம்பிரணும்" என்பது ஒன்று. "ஒரு பெட்டி விடாம தொறந்துட்டுத்தான் போகணும்" என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருமுன் கடிகாரம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்தச் சண்டையில் பாதி அது தெரியாமல் போடுவது.

ஆட்டத்துக்கு மூன்று கடின அளவுகள்: டிரிஸில், ரெயின்ஸ்டார்ம், மான்சூன். தூறல், அடைமழை, பருவமழை. ஐப்பசி பிறந்தால் கண்மாயை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ராமநாதபுரத்துக்காரனுக்குப் பருவமழை என்ற பெயர் எந்தப் பயத்தையும் தராது. ஆட்டத்தில் அதுதான் மிகக் கடினமானது. எதிரியின் பலத்தையும் பெட்டியின் விலையையும் தீர்மானிக்க ஆட்டம் உள்ளே ஒரு கடின எண் வைத்திருக்கிறது. தனியாக ரெயின்ஸ்டார்மில் ஆடினால் அது 1-இல் தொடங்கி நிமிஷத்துக்கு 0.1012 வீதம் ஏறும். டிரிஸிலில் அதில் பாதி, மான்சூனில் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு கட்டம் முடிந்து அடுத்ததற்குள் நுழையும்போதும் மொத்தமும் 1.15-ஆல் பெருகும். அதாவது நேரம் மட்டும் எதிரியைப் பெரிதாக்குவதில்லை, முன்னேறுவதும் பெரிதாக்கும். "சீக்கிரம் போனால் எதிரி சின்னதாகவே இருப்பான்" என்பவர்கள் இந்தப் பெருக்கலை விட்டுவிடுகிறார்கள்.

எதிரியின் லெவல் இந்த எண்ணிலிருந்து வருகிறது. எண் 0.33 ஏறினால் ஒரு லெவல். பின்னம் கணக்கில் வராது. முழு எண் ஆனால்தான் லெவல் கூடும். ரெயின்ஸ்டார்மில் தனியாக ஆடும்போது முதல் கட்டத்தில் 3:16 வரை எதிரிகள் லெவல் 1. அங்கிருந்து 6:31 வரை லெவல் 2. அதற்குப் பிறகு 3. ஒரு லெவலுக்கு எதிரியின் அடிப்படை உயிரில் 30 சதவீதமும் அடியில் 20 சதவீதமும் கூடும். ஆகவே நாலாவது நிமிஷத்துக்கும் ஆறாவது நிமிஷத்துக்கும் எதிரியின் பலத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஐந்து நிமிஷம் என்ற எண்ணுக்கு இங்கே தனி மகிமை கிடையாது. முதல் கட்டத்தில் மதிக்க வேண்டிய கோடுகள் 3:16, 6:31 இரண்டும்தான்.

அடுத்தது விலை. முதல் கட்டத்தில் சின்னப் பெட்டி 25, பெரிய பெட்டி 50. கட்டத்துக்குள் நுழையும்போது எழுதிய விலை அது; எவ்வளவு நேரம் நின்றாலும் ஏறாது. அடுத்த கட்டத்துக்குப் போகும்போதுதான் புது விலை. கடின எண்ணை 1.25 அடுக்குக்கு ஏற்றி 25-ஆல் பெருக்குவார்கள். ரெயின்ஸ்டார்மில் 3 நிமிஷத்தில் கிளம்பினால் இரண்டாம் கட்டத்தில் சின்னப் பெட்டி சுமார் 41. 5 நிமிஷம் என்றால் 49, ஆறரை என்றால் 56, எட்டு என்றால் 62.

இதைப் பார்த்ததும் "அப்போ ஓடிவிடலாமே" என்று தோன்றும். எதிரியைக் கொன்றால் கிடைக்கும் காசும் கடின எண்ணோடு சேர்ந்துதான் ஏறுகிறது, ஆனால் அடுக்கு இல்லாமல் நேராக. விலை அடுக்கில் ஏறுகிறது, வருமானம் நேராக ஏறுகிறது. ஆட்டம் போகப் போகப் பெட்டி நம் கைக்கு எட்டாமல் விலகிக்கொண்டே போகும். மொத்த ஆட்டத்திலும் பெட்டி மிக மலிவாகக் கிடைக்கும் இடம் முதல் கட்டம்தான். திறக்காமல் விட்டுப்போகும் ஒவ்வொரு 25 ரூபாய்ப் பெட்டியும் பின்னால் ஐம்பது அறுபது கொடுத்து வாங்கப்போகும் பெட்டி. (காசுக்கு ஆட்டத்தில் டாலர் குறிதான். ரூபாய் என்பது நம்மூர்ப் பேச்சு.)

இனி வழிகள்.

ஓடுகிறவர் வழி: இறங்கியதும் டெலிபோர்ட்டரைத் தேடு (அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் கருவி; இயக்கினால் பாஸ் எனும் பெரிய எதிரி வரும், அது சாகவும் வேண்டும், கருவி சார்ஜ் ஆகவும் வேண்டும்), வழியில் மாட்டும் ஒன்றிரண்டு பெட்டியைத் திற, இரண்டு நிமிஷத்தில் டெலிபோர்ட்டரை இயக்கு, 90 வினாடி சார்ஜ், நாலு நிமிஷத்துக்குள் கிளம்பு. இப்படிக் கிளம்பினால் இரண்டாம் கட்டத்தில் நுழையும்போது எதிரி லெவல் 2. 4:23-க்குப் பிறகு நுழைந்தால் லெவல் 3. இந்த ஒரு லெவலுக்காகக் கொடுப்பது ஐந்தாறு பொருட்கள். ஆட்டத்தின் தொடக்க வீரன் கமாண்டோவின் அடிப்படை அடி 12, உயிர் 110. கையில் இரண்டு பொருளோடு இரண்டாம் கட்டத்து வரைபடமான அபாண்டன்ட் அக்விடக்ட்டில் போய் இறங்கினால், எதிரி லெவல் 2-ஆக இருந்தாலும் சுடும் வேகம் போதாது. நாலைந்து பேர் சூழ்ந்ததும் சரிவு தொடங்கும். நேரத்தோடு போட்டி போடுகிறவர்களுக்கும், வரைபடமெல்லாம் மனப்பாடமானவர்களுக்கும் இந்த வழி சரி. புதிதாக ஆடுகிறவர் இதை எடுத்தால் மூன்றாம் கட்டத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

துடைக்கிறவர் வழி இதற்கு நேர் எதிர். எல்லாப் பெட்டியையும் திறந்துவிட்டுத்தான் டெலிபோர்ட்டர் பக்கமே போவது. இதன் கோளாறு பெட்டிகளைத் திறப்பதில் இல்லை, காசுக்காகக் காத்து நிற்பதில் இருக்கிறது. ஆரம்பத்தில் கையில் இருப்பது 15. தொடக்கத்தில் எதிரிகள் ஒவ்வொருவராக முளைப்பார்கள்: ஒரு வண்டு, ஒரு லெமூரியன், மிதக்கும் நெருப்பு போல ஒரு லெஸ்ஸர் விஸ்ப். இந்த உதிரிக் கூட்டத்தைக் கொன்று பத்துப் பெட்டிக்குக் காசு சேர்ப்பதற்குள் ஏழெட்டு நிமிஷம் ஆகிவிடும். பெட்டி முன்னால் 19 ரூபாயோடு நின்று, அடுத்த வண்டு எப்போது வரும் என்று பார்க்கிற அந்த நேரம் முழுக்க நட்டம். பிறகுதான் டெலிபோர்ட்டர், அதற்கொரு ஒன்றரை நிமிஷம். பத்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் கிளம்பி இரண்டாம் கட்டத்துக்குப் போனால் எதிரி லெவல் 4, பெட்டி 71. எல்லாப் பொருளும் கையில் இருந்தும் முன்னிலை கரைந்திருக்கும்.

மூன்றாவது வழியில் வரிசை மட்டும்தான் மாறுகிறது. முதலில் டெலிபோர்ட்டரைக் கண்டுபிடி, மூன்று நாலு பொருளோடு அதை இயக்கு, பாஸைக் கொன்ற காசில் மிச்சப் பெட்டிகளைத் திற. பணம் கொட்டும் இடம் டெலிபோர்ட்டர் சண்டைதான். பாஸும் தருகிறது, கூட வரும் கூட்டமும் தருகிறது. சார்ஜ் 100 சதவீதம் ஆனபின் புதிய எதிரிகள் முளைப்பதும் நிற்கும். அடிக்க ஆளில்லாத தீவில் கைநிறையக் காசோடு 25-க்குப் பெட்டி வாங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது, அதை மறக்கக் கூடாது. பெட்டிகள் எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சுற்றி முடித்துவிடலாம். ரெயின்ஸ்டார்மில் நாங்கள் பரிந்துரைப்பது இதுதான்.

செய்முறை இப்படி. இறங்கியதும் கண்ட்ரோல் விசையை அழுத்தி ஓட்டத்துக்கு மாறுங்கள். சுடும் நேரம் தவிர எப்போதும் ஓட்டத்திலேயே இருங்கள். முதல் கட்டத்தில் நேரம் போவதில் பெரும்பங்கு நடையில்தான் போகிறது. பெட்டி கண்ணில் பட்டால் காசு இல்லாவிட்டாலும் மவுஸின் நடுப் பொத்தானை அழுத்திக் குறியிடுங்கள். டெலிபோர்ட்டரைச் சுற்றிச் செந்தணல் பொறிகள் மேலே மிதந்துகொண்டிருக்கும். இராத்திரியில் கரை வள்ளத்து விளக்கு மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். எதிரியைத் தேடிப் போக வேண்டாம், வழியில் வந்தால் கொல்லுங்கள். வழியில் கிடக்கும் பீப்பாய்கள் இலவசக் காசு, ஒன்றையும் விடாதீர்கள்.

முதல் 100 ரூபாயை எதில் போடுவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்று பொருட்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும் மும்முனைக் கடையும் 25தான். உள்ளே என்ன என்று பார்த்து வாங்கலாம் என்பதால் சின்னப் பெட்டிக்கு முன்னால் அதற்குப் போங்கள். பாஸுக்கு முன் எடுக்க வேண்டியது சோல்ஜர்ஸ் சிரிஞ்ச் (சுடும் வேகம் 15 சதவீதம் கூடும்), ஆர்மர்-பியர்சிங் ரவுண்ட்ஸ் (பாஸுக்கு 20 சதவீதம் கூடுதல் அடி), லென்ஸ்-மேக்கர்ஸ் கிளாசஸ் (கிரிட்டிக்கல், அதாவது இரட்டை அடி, விழும் வாய்ப்பு 10 சதவீதம்). பலர் கைவைப்பது குரோபார். 75 சதவீதம் கூடுதல் அடி என்று போட்டிருக்கும். ஆனால் எதிரிக்கு 90 சதவீதத்துக்கு மேல் உயிர் இருக்கும்வரைதான் அது. பாஸ் சண்டையில் முதல் பத்தில் ஒரு பங்கோடு அதன் வேலை முடிந்துவிடும்.

பொருட்களில் வெள்ளை சாதாரணம், பச்சை அரிது, சிவப்பு மிக அரிது. 50 ரூபாய்ப் பெரிய பெட்டியில் பச்சைக்குக் கீழே வராது, ஐந்தில் ஒரு முறை சிவப்பு. சின்னப் பெட்டியில் சுமார் 79 சதவீதம் வெள்ளை, 20 சதவீதம் பச்சை, சிவப்பு நூற்றில் ஒன்று. நீண்டகாலக் கணக்கில் பெரிய பெட்டிதான் லாபம். ஆனாலும் டெலிபோர்ட்டருக்குப் போகிற வழியிலேயே கிடந்தால் ஒழிய, அதை பாஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இரண்டு வெள்ளை ஒரு பச்சையைவிட நம்பகம். காசு போட்டுப் பொருளுக்கு முயலும் ஷ்ரைன் ஆஃப் சான்ஸ் 17-இல் தொடங்கும், ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் ஏறும், சுமார் 45 சதவீத வாய்ப்பில் வெறுங்கைதான். லாட்டரிச் சீட்டு. கடைசியில் காசு மிஞ்சினால் போடுங்கள். கட்டத்தை விட்டுப் போகும்போது மிச்சக் காசு அனுபவப் புள்ளியாக மாறிவிடும், அடுத்த கட்டத்துக்கு ஒரு ரூபாயும் வராது.

பாஸ் சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முதல் கட்டத்தில் அடிக்கடி வருவது பீட்டில் குயின், ஸ்டோன் டைட்டன், வாண்டரிங் வேக்ரண்ட். மூன்றுக்கும் லெவல் 1-இல் உயிர் 2100. டைட்டனுக்குக் கவசம் 20, அதாவது நம் ஆறு குண்டில் ஐந்து குண்டின் வலிமைதான் உள்ளே இறங்கும். 3:16-க்கு முன் இயக்கி, நீங்கள் லெவல் 2-இல் இருந்தால் கமாண்டோவின் குண்டு ஒன்றுக்கு 14.4. டைட்டன் சாய 175 குண்டு. அதற்குப் பிறகு இயக்கினால் டைட்டனின் உயிர் 2730. அதற்குள் நீங்கள் லெவல் 3 ஆகியிருந்தால் குண்டுக்கு 16.8, தேவை 195. வித்தியாசம் 20 குண்டு. ஒரு சிரிஞ்ச் அதைச் சரிக்கட்டிவிடும். 3:16 கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று பதறி ஒரு பொருளோடு டெலிபோர்ட்டரைத் தொடுவது அர்த்தமற்றது.

குண்டுக் கணக்கைக் கெடுப்பது தூரம். கமாண்டோவின் துப்பாக்கி 25 மீட்டர் வரைதான் முழு அடி கொடுக்கும். அங்கிருந்து குறைந்துகொண்டே போய் 60 மீட்டரில் பாதியாகிவிடும். டைட்டனைக் கண்டு பயந்து டெலிபோர்ட்டர் வட்டத்தின் விளிம்பிலிருந்து சுடுகிறவர் 175 குண்டில் முடிய வேண்டியதை 350 குண்டுக்கு இழுக்கிறார். 90 வினாடி முடிந்தும் பாஸ் சாகாமல் 99 சதவீதத்தில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். டைட்டன் மெதுவாகத் திரும்பும், ஆகவே கிட்டத்தில் நின்று பக்கவாட்டில் நகர்ந்தபடி சுடுங்கள். தரையில் வட்டம் தெரிந்தால் கல் முஷ்டி வரப்போகிறது, ஒரு பக்கம் டைவ் அடியுங்கள். கண் லேசர் வரும்போது மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் போய்விடுங்கள்.

வேக்ரண்ட் வேறு மாதிரி. சொறிமீனைப் பெரிதாக்கிக் காற்றில் மிதக்கவிட்டதுபோல் இருக்கும். உடல் ஒளிர்ந்து சத்தம் ஏறினால் பெருவெடிப்பு வரப்போகிறது. 110 உயிரோடு திறந்தவெளியில் நின்று அதை வாங்கினால் ஆட்டம் முடிந்தது. வெடிப்பு பாறையைத் தாண்டி அடிக்காது, ஆகவே வேக்ரண்ட் வந்தால் முதல் வேலை ஒளிந்துகொள்ள ஒரு மறைவைப் பார்த்து வைப்பது. பீட்டில் குயின் மூன்றிலும் எளிது. அதன் அமிலத்தைவிட அது கூப்பிடும் பீட்டில் கார்டுகள்தான் தொல்லை, அவற்றை முதலில் முடியுங்கள்.

ஷ்ரைன் ஆஃப் தி மவுண்டன் கண்ணில் பட்டால்? பாஸ் ஒன்று கூடும், பொருளும் ஒன்று கூடும். ஐந்து பொருளுக்குக் கீழே தனியாளாகத் தொட வேண்டாம். இரண்டு வேக்ரண்ட் ஒரே நேரத்தில் ஒளிர ஆரம்பித்தால் மறைவு என்பதே கிடையாது.

வரைபடத்தைப் பொறுத்தும் தீர்ப்பு கொஞ்சம் மாறும். டைட்டானிக் பிளெயின்ஸ் திறந்தவெளி, பெட்டிகள் தூரத்திலிருந்தே தெரியும், சுற்றிவர நேரம் ஆகாது. அங்கே கடைசிப் பெட்டி வரை எடுத்துவிட்டு 6:31-க்குள் கிளம்புவது சாதாரணமாக முடிகிற காரியம். டிஸ்டண்ட் ரூஸ்ட் மேடும் பள்ளமும் மூடுபனியும். கீழே இறங்கிவிட்டால் மேலே ஏறி வருவதற்கே அரை நிமிஷம் போகும். அங்கே உயரத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கித் திறந்துகொண்டே வாருங்கள். எங்கோ மேல் விளிம்பில் விட்டுப்போன ஒரே ஒரு சின்னப் பெட்டிக்காகத் திரும்பி ஏறாதீர்கள்.

மான்சூனில் கோடுகள் நெருங்கி வரும்: லெவல் 2 என்பது 2:10-லேயே, லெவல் 3 என்பது 4:21-இல், லெவல் 4 என்பது 6:31-இல். வழி அதேதான், ஆனால் பாஸுக்குப் பின் சுற்றுவதை ஒரு நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் கிளம்பினாலே அடுத்த கட்டத்துப் பெட்டி 60, எட்டு ஆனால் 80. டிரிஸிலில் இந்தப் பேச்சே வேண்டாம். 6:31 வரை எதிரி லெவல் 1-ஐத் தாண்டுவதில்லை. பழகும்வரை அங்கே துடைக்கிறவர் வழியே போதும்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது பெட்டிகள் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகும். கொன்ற காசு இருவருக்கும் சமமாகப் பிரியும். கடின எண் 1-இல் அல்ல, 1.3-இல் தொடங்கும். தலைக்குக் கிடைக்கும் பொருள் குறைகிறது என்பதால் ஓடுகிறவர் வழி இங்கே இன்னும் மோசம். கூட்டாட்டத்தில் லாபம் ஒன்றில்தான்: தேடுவதைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. போனில் பேச்சு இவ்வளவு போதும்:

"மாப்ள, டெலிபோர்ட்டர் கெடச்சிருச்சு, பாலத்துக்குக் கீழ. ஒன்கிட்ட என்ன இருக்கு?"

"ரெண்டு சிரிஞ்ச், ஒரு கண்ணாடி."

"அப்ப வா, தட்டிரலாம். மிச்சத்த அப்பறம் பாப்போம்."

டெலிபோர்ட்டரை இயக்கியபின் இருவரும் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். ஒருவர் வெளியே பெட்டி தேடப் போனால் சார்ஜ் ஏறும் வேகம் பாதியாகும். "நீ நில்லு, நான் தொறந்துட்டு வர்றேன்" என்பது இங்கே சிக்கனம் மாதிரி தோன்றும் செலவு. பாஸ் செத்து சார்ஜ் முடியட்டும், பிறகு பிரியுங்கள். டெலிபோர்ட்டர் தரும் பொருள் ஆளுக்கு ஒன்று. கிட்டே நிற்கிறவர் இரண்டையும் அள்ளிக்கொள்வது பல நட்புகளை முறித்திருக்கிறது.

அறையை யார் திறப்பது என்பதும் ஒரு முடிவுதான். ஆட்டம் ஓடுவது அறை திறந்தவரின் கணினியில். ராமநாதபுரம் டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ளவர் இருக்கும்போது, பாம்பனில் போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் அறை திறந்தால் மற்றவருக்குப் பெட்டி தாமதமாகத் திறக்கும், எதிரிகள் இடம்விட்டு இடம் தாவுவார்கள். மொபைல் இணைப்பில் இருப்பவர் சேருகிறவராகவே இருக்கட்டும். கரன்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் ஃபிரேம் சரியும். தனியாட்டம் என்றால் எஸ்கேப் தட்டுங்கள், ஆட்டத்தோடு கடிகாரமும் நிற்கும். கூட்டாட்டத்தில் எஸ்கேப் தட்டினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வேக்ரண்டும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும்.